உதட்டை வையுங்கள்: திருவிருந்துப் பாத்திரம், முதல்முறை போகிறவர்களுக்கு

முதன்முதலாக நற்கருணை எடுத்த அன்று எனக்குப் பதினைந்து வயது. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். அம்மா முந்தின நாள் ராத்திரியே தேய்த்து மாட்டி வைத்திருந்தார். எப்போது எழுந்து போக வேண்டும், எந்தக் கை மேலே இருக்க வேண்டும், எந்த இடத்தில் ஆமென் சொல்ல வேண்டும் என்றெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. பாத்திரம் என்னிடம் வந்ததும் அதன் அடியைப் பிடித்தேன். வீட்டில் செம்பில் தண்ணீர் குடிக்கிற பழக்கத்தில் உதடு படாமல் அண்ணாந்தேன். திராட்சரசம் தாடையில் வழிந்து காலருக்குள் இறங்கியது. “வாயை வைப்பா” என்று குருவானவர் மெதுவாகத்தான் சொன்னார். வரிசையில் முழங்கால் போட்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

இப்போது எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பை, அதாவது ஞானஸ்நானம் பெற்றவர்களை நற்கருணைக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பை, நான்தான் எடுக்கிறேன். முதல் பாடத்தை அந்தச் சட்டைக் கறையில்தான் தொடங்குவேன். உதட்டை வைக்காமல் இந்தப் பாத்திரத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

திருமணத்தால் கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் வந்தவர்கள், சமீபத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், சிறு வயதில் கோயிலைவிட்டுப் போய் இப்போது திரும்பியிருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் அறிந்தது சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையின் வழக்கம். மற்ற சபைகளைப் பற்றி அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம்

இராப்போஜனம், திருவிருந்து, பரிசுத்த நற்கருணை மூன்றும் ஒன்றுதான்: அப்பத்தையும் திராட்சரசத்தையும் பகிர்ந்து எடுக்கிற ஆராதனை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு நடப்பதை ஏன் இராப்போஜனம் என்கிறார்கள் என்று வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்காமல் இருந்ததில்லை. இயேசு பிடிக்கப்பட்ட இரவில் சீஷர்களோடு சாப்பிட்ட கடைசி விருந்தின் பெயர் அது. நேரம் மாறிவிட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. கத்தோலிக்கர் முழு வழிபாட்டையும் திருப்பலி என்பார்கள். அதில் பெறுவது நற்கருணை.

பாத்திரம் என்றதும் சமையற்கட்டில் தேய்க்கக் கிடப்பது ஞாபகத்துக்கு வரும். பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் அந்தச் சொல்தான் இருக்கிறது, சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகள் அதையே சொல்கின்றன. கத்தோலிக்கரிடம் அது கிண்ணம். பொருள் ஒன்றே: தண்டும் அகன்ற அடியும் உள்ள, வெள்ளியிலோ வெள்ளி முலாம் பூசியோ செய்த குடிகலம்.

போகும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது

எந்த ஞாயிறு நற்கருணை என்று கேளுங்கள். பல கிராமச் சபைகளில் மாதத்துக்கு ஒருமுறைதான். பட்டணத்துப் பெரிய கோயில்களில் வாராவாரம், பெரும்பாலும் அதிகாலை ஆராதனையில் இருக்கும்.

அடுத்து, உங்களுக்கு உண்டா என்று குருவானவரிடமே நேரில் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்கா “எடுக்கலாம், ஒன்றும் சொல்ல மாட்டார்கள்” என்று சொல்வதை நம்ப வேண்டாம். சி.எஸ்.ஐ.யில் பொதுவாக ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தலும் பெற்றவர்கள் எடுக்கலாம். வேறு சபையில் நற்கருணை எடுக்கிற உறுப்பினராக இருந்தால் பெரும்பாலும் தடையில்லை. கத்தோலிக்கக் கோயிலில் கத்தோலிக்கருக்கு மட்டுமே. நண்பர் வீட்டுத் திருமணப் பூசையில் வரிசையோடு வரிசையாக எழுந்து போய்விடாதீர்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குத்தான் கொடுப்பது வழக்கம். பிரதரன் சபையில் வெளியூர்க்காரர் என்றால் சொந்தச் சபையின் சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள். இரட்சணிய சேனையில் இந்தக் கேள்வியே எழாது: 1883-லிருந்து அவர்களிடம் திருவிருந்துச் சடங்கு கிடையாது. நாகர்கோவில் பக்கத்தில் பெண் எடுத்தவர்கள் சிலர் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

எடுக்க முடியாத நிலையில் இருந்தால் இருக்கையிலேயே இருந்து ஜெபிக்கலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. பல சபைகளில் முன்னே போய்க் கைகளைக் கட்டித் தலை குனிந்தால், குருவானவர் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார். உங்கள் கோயிலில் அந்த வழக்கம் உண்டா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது

திராட்சரசம். சில சபைகளில் புளித்த ஒயின், சிலவற்றில் புளிக்காத சாறு. உலர்திராட்சையை வேகவைத்து வடிகட்டி எடுக்கிற கோயில்களும் உண்டு. புளிக்காத சாறு பரவியதற்கு ஒரு மெதடிஸ்ட்காரர் காரணம். அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் 1869-ல் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் வைக்கும் முறையைக் கண்டார், மதுவிலக்கு பேசிய சபைகள் அதைப் பிடித்துக்கொண்டன.

சாறா ஒயினா என்பது சின்ன விஷயம். புதிதாக வருகிறவர்களின் மனதில் உண்மையிலேயே உறுத்துவது வேறு: “இது என்னுடைய இரத்தம்” என்கிறார்களே, அதைக் குடிப்பதா? அந்த உறுத்தல் நியாயமானது. அன்று மேசையில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் அது இருந்திருக்கும். யூதர்கள் இரத்தத்தை உண்ணவே கூடாது. உயிர் இரத்தத்தில் இருக்கிறது, அது கடவுளுக்குரியது என்கிறது லேவியராகமம் 17. அப்படி வளர்ந்தவர்களிடம் ஒரு யூதர் பாத்திரத்தை நீட்டி இதைச் சொல்கிறார். எந்தக் காரணத்துக்காகத் தொடக்கூடாது என்றார்களோ, அந்தக் காரணத்துக்காகவே இப்போது குடியுங்கள் என்கிறார்: இதில் இருப்பது உயிர், என் உயிர், உங்களுக்குத் தருகிறேன்.

அந்த இரவின் பின்னணி பஸ்கா. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைக்கிற பண்டிகை. பஸ்கா விருந்தில் நான்கு முறை பாத்திரம் எடுப்பது யூத மரபு. யாத்திராகமம் 6-ல் கடவுள் தரும் நான்கு வாக்குறுதிகளோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். லூக்கா சுவிசேஷத்தைக் கவனமாக வாசித்தால், சாப்பாட்டுக்கு முன் ஒரு பாத்திரமும் பின் ஒரு பாத்திரமும் வருவது தெரியும். பின்னால் வருவதை எடுத்துத்தான் “புதிய உடன்படிக்கை” என்கிறார். பழைய உடன்படிக்கை சீனாய் மலையடியில் நடந்தது. மோசே பலியின் இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தில் தெளித்தான், மீதியை ஜனங்கள் மேல் தெளித்தான். அங்கே மேலே தெளித்தது இங்கே உள்ளே போகிறது. வித்தியாசத்தை இவ்வளவு எளிதாகச் சொன்னால் இறையியல் படித்தவர்கள் முகம் சுளிக்கலாம், ஆனால் வகுப்பில் இதுதான் பிள்ளைகளுக்கு நிற்கிறது.

வேதாகமத்தில் பாத்திரம் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: ஒருவருக்கு வாய்த்த பங்கு. “என் பாத்திரம் நிரம்பி வழிகிறது” என்று 23-ஆம் சங்கீதத்தில் வருவது நல்ல பங்கு. பிடிக்கப்படுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் “இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்” என்று இயேசு கெஞ்சுவது கசப்பான பங்கு. சீஷர்களான யாக்கோபும் யோவானும் வலது பக்கம் இடது பக்கம் உட்கார இடம் கேட்டபோது, நான் குடிக்கும் பாத்திரத்தில் உங்களால் குடிக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று இரண்டு பேரும் சட்டென்று சொல்லிவிட்டார்கள். என்ன கேட்டார் என்றே அப்போது அவர்களுக்குப் புரியவில்லை. பாத்திரம் உங்களிடம் வரும்போது இந்த இரண்டு பொருளும் அதில் கலந்தேதான் வருகிறது.

அது எப்படி அவருடைய இரத்தமாகிறது என்ற கேள்வியைச் சுருக்கமாகத் தாண்டிவிடுகிறேன். தன்மையே மாறுகிறது என்பது கத்தோலிக்கரின் விசுவாசம். திராட்சரசம் திராட்சரசமாகவே இருக்க, அதனோடு கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார் என்பார்கள் லுத்தரன்கள். நினைவுகூருதல் மட்டுமே என்பவர்களும் உண்டு. 1529-ல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் சீர்திருத்தவாதிகளான லுத்தரும் ஸ்விங்லியும் 15 விஷயங்களைப் பேசி 14-ல் ஒத்துப்போனார்கள். ஒத்துப்போகாதது இதில்தான். ஒரு வகுப்பில் நாம் தீர்த்துவிடப் போவதில்லை.

‘அபாத்திரம்’ என்ற சொல்

திருநெல்வேலிப் பக்கம் நற்கருணை ஞாயிறன்று கோயிலின் பின்வரிசையைப் பாருங்கள். திடப்படுத்தல் பெற்று முப்பது வருஷம் ஆனவர்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால் “எனக்குத் தகுதியில்லை” என்பார்கள். அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய ஒரு வரி அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது: அபாத்திரமாய்ப் புசித்துப் பானம் பண்ணுகிறவன் தனக்கு ஆக்கினைத்தீர்ப்பைத் தேடிக்கொள்கிறான்.

தமிழில் பாத்திரம் என்றால் கலமும்தான், தகுதியும்தான். பாத்திரமறிந்து பிச்சையிடு என்பதில் இருப்பது தட்டைப் பற்றிய பேச்சில்லை, வாங்குகிறவரைப் பற்றியது. அதனால் அபாத்திரம் என்றதும் நம் காதில் ‘நான் தகுதியற்றவன்’ என்றே விழுகிறது. ஆனால் அந்த வரியைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து தங்கள் சாப்பாட்டைத் தாங்களே சாப்பிட்டுவிட்டார்கள். தாமதமாக வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். ஒருவன் பட்டினி, ஒருவன் குடிவெறி. பவுலுக்கு வந்த கோபம் அதற்கு. அவர் முடிவாகச் சொல்வது: “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.”

ஆக, அபாத்திரமாய் என்பது ஆளைப் பற்றியதல்ல, எடுக்கிற விதத்தைப் பற்றியது. பக்கத்தில் இருப்பவரை ஒரு பொருட்டாக மதிக்காமல் குடிப்பதுதான் அது. தகுதியுள்ளவர்கள் மட்டும் வரலாம் என்றால் குருவானவரே முதலில் இறங்கிப் போக வேண்டியிருக்கும். ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்கிற ஜெபத்திலேயே “உம்முடைய பந்தியிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல” என்ற பொருளில் ஒரு வரி வருகிறது, பிறகுதான் பந்திக்கே போகிறோம்.

அதே இடத்தில் பவுல் சொல்லும் ‘தன்னைத்தானே சோதித்தறிவது’ என்பதை நடைமுறையில் எப்படிச் செய்வது? சனிக்கிழமை ராத்திரி ஒரு பத்து நிமிஷம் உட்காருங்கள். நாளைக்கு அதே வரிசையில் யார் யாரெல்லாம் முழங்கால் போடுவார்கள் என்று யோசியுங்கள். எந்த முகத்தைப் பக்கத்தில் பார்த்தால் உங்களுக்குக் கசக்கும்? அங்கே ஏதாவது செய்ய முடியுமா என்று பாருங்கள். ஒரு போன் போதுமானால் போட்டுவிடுங்கள்.

ஞாயிறு காலை

எங்கள் ஆச்சி நற்கருணைக்கு முன் பச்சைத் தண்ணீர் பல்லில் பட விடமாட்டாள். அது பலரிடம் இருக்கும் நல்ல வழக்கம், ஆனால் கட்டாயம் இல்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள் சாப்பிட்டுவிட்டே வாருங்கள். பீடத்துக்கு முன்னால் மயங்கி விழுவதில் பக்தி ஒன்றுமில்லை. உதட்டுச்சாயம் போடுகிறவர்கள் அன்று தவிர்ப்பது நல்லது, வெள்ளைத் துணியில் அந்தக் கறை போகவே போகாது.

ஆராதனையில் பாவ அறிக்கை, மன்னிப்பு, வேதவாசிப்பு, பிரசங்கம், விசுவாசப் பிரமாணம் என்று வரிசையாகப் போகும். நடுவில் சமாதானம் பரிமாறுவது வரும். குருவானவர் தொடங்கிவைக்க, கைகளைக் கைகளால் பொதிந்து ஒருவர் மற்றவருக்கு என்று கடைசி வரிசை வரை போகும். 27 செப்டம்பர் 1947-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து சி.எஸ்.ஐ. உருவானது. பிறகு புது ஆராதனை முறை எழுதியபோது இந்த வழக்கத்தைக் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை போன் போட முடியாதவர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு.

பாத்திரம் வரும்போது

உங்கள் வரிசை வந்ததும் எழுந்து போங்கள். பீடத்துக்கு முன்னால் உள்ள கம்பித் தடுப்பின் அருகே இடம் பார்த்து முழங்காற்படியிடுங்கள். முட்டிவலி இருந்தால் நிற்கலாம். நடக்கவே முடியாவிட்டால் கோயில் பணிவிடை செய்யும் கோயில்பிள்ளையிடம் முன்பே சொன்னால் குருவானவர் இருக்கைக்கே வருவார்.

இடது உள்ளங்கை கீழே, வலது உள்ளங்கை மேலே. அப்பம் கையில் வைக்கப்படும். ஆமென் சொல்லி, கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுங்கள். மெல்லிய வட்ட அப்பம் மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும், பதற்றப்பட வேண்டாம், பாத்திரம் வந்ததும் இறங்கிவிடும்.

சரி, இனி என் சட்டையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பகுதி. குருவானவரோ உதவியாளரோ பாத்திரத்தைப் பிடித்தபடி வருவார். அவர் கையிலிருந்து பறிக்காதீர்கள், சும்மாவும் இருந்துவிடாதீர்கள். ஒரு கையால் அடித்தட்டை மெதுவாகத் தொட்டு, உங்கள் பக்கம் சாய வழிகாட்டுங்கள். நீங்கள் தலை குனிந்திருந்தால் உங்கள் உதடு எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது, அதனால் தலையை நிமிர்த்துங்கள். முக்காடு போட்டவர்கள் அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். விளிம்பில் உதட்டை வையுங்கள். ஒரு வாய், அவ்வளவுதான். அவர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி, அடுத்தவருக்குப் போவார். எல்லாருக்கும் கொடுத்து முடித்து அனுப்பும் வார்த்தை சொன்னதும் சேர்ந்து எழுந்திருங்கள்.

குடியை விட்டவர்கள், மருந்து காரணமாக ஒயின் ஆகாதவர்கள், ஜலதோஷம் பிடித்தவர்கள் அப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பாத்திரம் வரும்போது லேசாகத் தலை அசைத்தால் போதும். குறைவாக எடுத்ததாக ஆகாது. சில சபைகளில் அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்தே கொடுத்துவிடுவார்கள்.

எச்சில்

பலர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது. நம்முடைய வீடுகளில் தம்ளரில் வாய் வைத்தால் அது எச்சில். அடுத்தவர் எச்சில் நமக்கு ஆகாது. இந்தப் பழக்கத்தில் சுத்தமும் இருக்கிறது, சுத்தத்தின் பெயரில் வேறொன்றும் ஒளிந்திருக்கிறது. டீக்கடையில் ஒரு சாராருக்குக் கண்ணாடித் தம்ளர், இன்னொரு சாராருக்குத் தனிக் குவளை என்று வைத்த ஊர்கள் நம்முடையவை. அந்த ஊர்க்காரர்களை ஒரே கம்பித் தடுப்பின் முன் முழங்காற்படியிட வைத்து, ஒரே விளிம்பில் வாய் வைக்கச் சொல்கிறது இந்த மேசை.

சபை இதில் யோக்கியமாக நடந்துகொண்டது என்று சொல்ல வரவில்லை. தஞ்சாவூர், வேப்பேரிச் சபைகளில் சாதிவாரியாக உட்கார்ந்தார்கள், திருவிருந்துக்கு யார் முன்னே யார் பின்னே என்றும் பார்த்தார்கள். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் இதையெல்லாம் விட்டொழிக்கச் சொல்லி எழுதினார். பலர் கோபித்துக்கொண்டு சபையைவிட்டே விலகினார்கள். பாத்திரத்தை விடத் துணிந்தார்கள், முன்வரிசையை விட மனமில்லை.

ஐரோப்பாவில் இதே பாத்திரத்துக்கு வேறு சண்டை. 1415-ல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய கத்தோலிக்கச் சங்கம் பொதுமக்களுக்கு அப்பம் மட்டும் போதும், பாத்திரம் குருக்களுக்கே என்று உறுதிசெய்தது. சில வாரங்களில், ஜூலை 6 அன்று, அதே ஊரில் பொஹேமியாவின் (இன்றைய செக் நாடு) சீர்திருத்தப் பிரசங்கியார் ஜான் ஹஸ் எரிக்கப்பட்டார். அவருடைய பொஹேமிய மக்கள் பாத்திரத்தையே கொடியில் வரைந்துகொண்டு போருக்குப் போனார்கள். ஒரு வாய் திராட்சரசத்துக்கா இவ்வளவு என்று கேட்கலாம். எங்களுக்கும் அதே பாத்திரம் வேண்டும் என்பதுதான் அங்கே கேள்வி.

அப்புறம், சின்னக் கிண்ணங்கள். ஆளுக்கொரு சிறு கண்ணாடிக் கிண்ணம் என்பது 1890-களில் அமெரிக்கச் சபைகளில், நோய்க்கிருமிகளைப் பற்றிய பயத்தோடு சேர்ந்து பரவியது. நம் ஊரில் சில சபைகளில் முன்பே இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு இன்னும் பல சபைகள் அதற்கு மாறின. தட்டு உங்களிடம் வந்தால் ஒன்றை எடுத்துப் பிடித்துக்கொண்டு, குருவானவர் சொல்லும்போது எல்லாரோடும் சேர்ந்து குடியுங்கள். இங்கேயும் காத்திருப்பதுதான் விஷயம். எனக்குப் பொதுப் பாத்திரமே பிடிக்கும், ஆனால் இதற்காகக் கமிட்டியில் சண்டை போட மாட்டேன். ஏற்கெனவே ஒருமுறை போட்டுத் தோற்றாயிற்று.

மீதி

ஆராதனை முடிந்ததும் சாப்பாட்டு ஞாபகத்தில் ஓடாமல் கொஞ்சம் நின்று பீடத்தைப் பாருங்கள். மீதமுள்ள திராட்சரசத்தைக் குருவானவர் குடித்துவிடுவார். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிச் சுழற்றி, அதையும் குடிப்பார். இத்தனை பேர் வாய் வைத்த பாத்திரத்தின் அடிமண்டி அவருக்கு. பிறகு துணியால் துடைத்து, மூடி வைப்பார். எதையும் சாக்கடையில் கொட்டுவதில்லை.

கோயிலுக்கு வர முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் குருவானவர் சிறிய பெட்டியில் விரல் உயரப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவருவார். ஆச்சிக்குக் கடைசி மாதங்களில் அப்படித்தான். விழுங்க முடியாமல் போனபோது அப்பத்தின் ஒரு துணுக்கைத் திராட்சரசத்தில் நனைத்து, ஸ்பூனில் கொடுத்தார். நீங்கள் செய்ய வேண்டியது: கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் துவைத்த வெள்ளைத் துணி, ஒரு தம்ளர் குடிதண்ணீர், ஒரு ஸ்பூன். டிவியை அணைத்துவிடுங்கள். வீட்டில் நற்கருணை எடுக்கிற மற்றவர்களும் கூட எடுக்கலாம். எத்தனை பேர் என்று முந்தின நாளே போனில் சொல்லிவிட்டால் அப்பத்தை எண்ணிக் கொண்டுவருவார்.